சிவனொளிபாதமலை சூரிய உதயம்: வழிகாட்டி இல்லாமல் ஏறலாமா? வண்டி ஏற்பாடு எப்படி?

கொள்ளிடக்கரை (திருச்சி)

வணக்கம். பிப்ரவரி நடுவில் திருச்சியிலிருந்து கொழும்புக்கு வருகிறோம். முதல் வேலையாகச் சிவனொளிபாதமலை ஏறிச் சூரிய உதயம் பார்த்துவிட்டு, அப்புறம் தெற்கே காலி, மாத்தறைப் பக்கம் போவதாகத் திட்டம். நான், மனைவி, அக்கா மகன் என்று மூன்று பேர். பையனுக்குப் பதினாறு வயது. மூவரும் வெள்ளியங்கிரி ஏறியவர்கள், இருட்டில் மலையேறுவது பழக்கம்தான்.

இணையத்தில் பேசிய ஒரு பயண ஏற்பாட்டாளர், விமான நிலையத்தில் ஏற்றிக்கொள்வது, அறை, வழிகாட்டி, திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்கிறார். வழிகாட்டி கட்டாயமாம். அவர் வேண்டாம் என்றால், இரவில் வழி தவறிவிடுவீர்கள் என்கிறார். உண்மையா? வண்டியை மட்டும் பேசிக்கொண்டு நாங்களாகவே ஏறி இறங்க முடியாதா?

இன்னொன்று. வரைபடத்தில் பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம் இரத்தினபுரி. அங்கிருந்து தெற்கே போவது கிட்டமாகத் தெரிகிறது. ஹட்டன் பக்கத்து அடிவாரமான நல்லதண்ணியிலிருந்து ஏறி இரத்தினபுரிப் பக்கம் இறங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


ஹட்டன்வாசி

வாங்க வாங்க. பெப்ரவரி நல்ல நேரம். டிசம்பரில் வரும் உந்துவப் போயாவில் (போயா என்றால் பௌர்ணமி விடுமுறை) தொடங்கி மே மாதம் வெசாக் போயா வரைக்கும் சீசன். அந்த ஆறு மாதமும் நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை பாதை முழுக்க விளக்கு எரியும். கீழே நின்று பார்த்தால் மலைமேல் ஒரு விளக்குச் சரம் வளைந்து வளைந்து மேலே போவது தெரியும், அதுதான் உங்கள் வழி. ராத்திரி முழுக்க ஜனம் ஏறும், இறங்கும். தேத்தண்ணிக் கடை திறந்திருக்கும். பொலிஸ் நிற்கும், முதலுதவிக்கும் ஆள் இருக்கும். இந்தப் பாதையில் சீசன் நேரம் வழி தவற இடமே இல்லை.

வழிகாட்டி கட்டாயம் என்று ஒரு சட்டமும் இல்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாமார் ஏறுகிறார்கள், எழுபது வயது ஆச்சிமார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுகிறார்கள். அவர்களுக்கு யார் வழிகாட்டி? தமிழ் பேசுகிற உங்களுக்கு இன்னும் சுலபம். நல்லதண்ணி, மஸ்கெலியா, நோர்வூட் எல்லாம் தேயிலைத் தோட்டத்து ஊர்கள். ஆட்டோக்காரர், கடைக்காரர், அறை கொடுப்பவர் என்று எங்கே திரும்பினாலும் நம் ஆட்கள் இருப்பார்கள். கேட்டால் சொல்லாமல் போக மாட்டார்கள்.

ஏற்பாடு தேவைப்படுவது மலைக்கு இல்லை, மலைக்கு வந்து சேர்வதற்கும் திரும்பிப் போவதற்கும்தான். ஹட்டனிலிருந்து நல்லதண்ணி முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நோர்வூட், மஸ்கெலியா தாண்டி மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாகவே போகும் வளைவு ரோடு. ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சீசனில் ஹட்டனிலிருந்து நேராக பஸ் உண்டு. மற்ற மாதங்களில் மஸ்கெலியாவில் இறங்கி மாற வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வேனில் வந்தால் ஐந்து மணி நேரமாவது ஆகும். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து ஹட்டனுக்கு ரயில் அழகான வழி. ஆனால் 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் உடைத்துப் போட்டது. அதனால் புறப்படுகிற வாரத்தில் ஹட்டன் வரை எந்த ரயில் ஓடுகிறது என்று விசாரித்துவிட்டே டிக்கெட் எடுங்கள்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். விமானத்தை விட்டு இறங்கி, வேனில் ஏறி, வந்த கையோடு அன்று இரவே மலையேற வைக்கிற திட்டத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பகலோடு பகலாக நல்லதண்ணி வந்து சேர்ந்து, வெள்ளனச் சாப்பிட்டு ஏழு மணிக்கே படுத்துவிடுங்கள். நான்கைந்து மணி நேரம் தூங்கி எழுந்து ஏறுகிறவர்தான் உச்சியில் கண்ணைத் திறந்து சூரியனைப் பார்ப்பார்.


மேகமூட்டம் (சென்னை)

ஹட்டன்வாசி அண்ணா சொல்வது சீசனுக்கு முழுக்கச் சரி. இந்த இழையை ஜூலையில் யாராவது தேடி எடுத்துப் படித்துவிட்டு அப்படியே கிளம்பிவிடக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

நான் போனது சீசன் முடிந்த பிறகு. அந்த மாதங்களில் உச்சியிலிருக்கும், இந்த மலையின் காவல் தெய்வமான சமனின் சிலையையும் பூசைப் பொருட்களையும் ஊர்வலமாக இறக்கிப் பெல்மதுளையில் உள்ள விகாரைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பாதை விளக்குகளை நம்ப முடியாது, கடைகள் சாத்தியிருக்கும், தென்மேற்குப் பருவமழை கொட்டும். படிமேல் பாசி. நின்றால் அட்டை ஏறும். முன்னே பின்னே மனித நடமாட்டமே இல்லை. கீழ்ப்பகுதியில் தோட்டத்துக்குள் பிரிகிற வழிகளில் இருட்டில் எது பாதை என்று எனக்குத் தெரியவில்லை. நான் தங்கிய வீட்டுக்காரரின் தம்பி துணைக்கு வந்தார். அவர் இல்லாமல் நான் ஏறியிருக்க மாட்டேன்.

ஆகவே வழிகாட்டியே தேவையில்லை என்று ஒரே வரியில் முடிக்காமல், எந்த மாதம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.


ஹட்டன்வாசி

சரியாகச் சொன்னீர்கள் தங்கச்சி. சீசன் இல்லாத மாதத்தில் தனியாக, அதுவும் இரவில், போகவே கூடாது. இந்த மலையைச் சுற்றி இருப்பது நிஜமான காடு. 1940-இல் சரணாலயமாக அறிவித்த காடு அது. 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாகச் சேர்த்த மத்திய மலைநாட்டில் இதுவும் ஒரு பகுதி. சிறுத்தை இருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கம்பிக் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை மீட்டுக் கொண்டுபோனார்கள், ஆனாலும் அது பிழைக்கவில்லை. எங்கள் பக்கத்துச் சனம் அதை இன்னும் மறக்கவில்லை. சீசனில் ஆயிரக்கணக்கான பேர் சத்தமாக நடக்கிற பாதைக்குச் சிறுத்தை வராது. மழைக்காலத்து வெறும் பாதை வேறு கதை.

மழை மாதங்களில் கட்டாயம் வர வேண்டும் என்றால் ஊர்ப் பையன் ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள். அந்தக் காசு நேராக ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போகும். கொழும்பில் உட்கார்ந்து கமிஷன் எடுப்பவருக்குப் போக வேண்டியதில்லை.


படியேறி (கொழும்பு)

இரண்டு பக்கமும் ஏறி இறங்கியவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உச்சி 2243 மீட்டர். நல்லதண்ணியிலிருந்து ஏறினால் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம், ஐயாயிரத்துக்கு மேல் படி. கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். முதல் பகுதி சும்மா நடை மாதிரித்தான். தோட்டத்து ஓரம், கடைகள், மகர தோரணம், ஜப்பானியப் பிக்குகள் கட்டிய வெள்ளைச் சமாதானத் தாதுகோபம் (பௌத்தத் தூபி), அப்புறம் சீத கங்குல என்கிற குளிர்ந்த ஓடை. சிங்களச் சனம் அங்கே கைகால் முகம் கழுவி, வெள்ளை உடுப்பு மாற்றிக்கொண்டு ஏறும். அது வரைக்கும் "இவ்வளவுதானா" என்று தோன்றும். அதைத் தாண்டிய பிறகு மலை தன் வேலையைக் காட்டும். கடைசிப் பகுதியில் படிகள் நெஞ்சுக்கு நேராக நிற்கும், கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். கூட்டம் சேர்வதும் அங்கேதான். சனி, ஞாயிறு, போயா நாட்களில் ஒரு படி ஏறி ஐந்து நிமிடம் நின்று மறுபடி ஒரு படி என்று ஆகிவிடும். சூரியன் வந்து போன பிறகும் வரிசையில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் வார நாளில் போங்கள். வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் போதும். பெப்ரவரியில் சூரியன் வருவது ஆறேகாலிலிருந்து ஆறரைக்குள். இரண்டு மணிக்குக் கிளம்பினால் சரி. பன்னிரண்டு மணிக்கே கிளம்பச் சொல்வார்கள், கேட்காதீர்கள். மூன்றரைக்கே மேலே போய் வியர்வையில் நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது கொடுமை. சீக்கிரம் ஏறிவிட்டால் உச்சிக்குக் கொஞ்சம் கீழே உள்ள கடைசிக் கடைகளில் இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருங்கள். ஐந்தரைக்கு எழுந்து மேலே போனால் போதும். சட்டையை அங்கேயே மாற்றிவிடுங்கள்.

மேலே செருப்பு, சப்பாத்துக் கழற்ற வேண்டும். கொங்கிரீட் தரை ஐஸ் மாதிரி இருக்கும். தடித்த காலுறை இரண்டு சோடி எடுத்துப் போங்கள். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லாரும் அனுபவிப்பார்கள். பாதம் இருக்கும் சன்னிதிக்குள் படம் எடுக்கக் கூடாது.

சூரியன் வந்ததும் எல்லாரும் கிழக்கே கைகூப்பி நிற்பார்கள், மேளமும் ஹொரனா என்கிற ஊதுகுழலும் முழங்கும். அதைப் பார்த்துவிட்டு உடனே மேற்குப் பக்கச் சுவருக்கு ஓடுங்கள். மலையின் நிழல் முகிலின்மேல் கச்சிதமான முக்கோணமாக விழுந்து கிடக்கும். சூரியன் ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே மலையடிக்கு வரும். மலையோ கரடுமுரடாக இருக்கிறது, நிழல் மட்டும் ஏன் அளவெடுத்த முக்கோணம்? நிழல் மிக நீளமாக விழுவதால் தூரத்தில் போகப் போகக் குறுகி ஒரு புள்ளியில் முடிவதாகக் கண்ணுக்குத் தெரிகிறது, ரயில் தண்டவாளம் தூரத்தில் ஒன்று சேர்வதைப் போல. ரொம்ப நேரம் இருக்காது. படம் எடுக்கக் கிழக்கிலேயே நின்றுவிட்டால் தவறிவிடும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. உச்சியிலிருந்து ஹட்டன் பக்கத்துக்கும் இரத்தினபுரிப் பக்கத்துக்கும் தனித்தனிப் படிகள் இறங்குகின்றன. கூட்டத்தோடு கூட்டமாக இழுபட்டு எதிர்ப்பக்கம் இறங்கியவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள். அரைமணி நேரம் இறங்கிய பிறகு தெரிந்தால் திரும்ப ஏற வேண்டும். முழுக்க இறங்கிவிட்டால் உங்கள் வேன் அங்கே இல்லை. இரண்டு பக்கமும் ரோடு வழியாகச் சுற்றி வர, ஹட்டன், கினிகத்தேன, அவிசாவளை, இரத்தினபுரி என்று அரை நாள் போய்விடும். முதல் படியில் கால் வைக்குமுன் ஒரு தரம் கேளுங்கள்.


கொள்ளிடக்கரை

எல்லாருக்கும் நன்றி. வழிகாட்டி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அந்த ஏற்பாட்டாளரிடமும் சொல்லிவிட்டேன். வார நாளாகவும் பார்த்துக்கொள்கிறோம்.

இரத்தினபுரிப் பக்கம் இறங்குவதில் பையனுக்கு ஆசை விடவில்லை. மூன்று பெரிய பைகள் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. ஒரே வேன் பைகளை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து அந்தப் பக்கம் நிற்குமா? அப்படிப் பேசுவது வழக்கம்தானா?


வளைவுரோடு (நோர்வூட்)

நான் ஹயர் வேன் ஓடுபவன். இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதுதான் பொருத்தம்.

வழக்கம்தான். நல்லதண்ணியில் இறக்கிவிட்டு, பைகளோடு சுற்றி வந்து இரத்தினபுரிப் பக்கத்து அடிவாரமான பலாபத்தலையில் நிற்பது. ஆனால் பேசும்போது சில விஷயங்களைத் தெளிவாகப் பேசுங்கள், பிறகு இரண்டு பக்கமும் மனக்கசப்பு வராது.

முதலாவது, டிரைவரின் தூக்கம். உங்களைக் கட்டுநாயக்கவில் ஏற்றிக் கொண்டுவந்தவர், நீங்கள் இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கும்போது அவரும் அந்த ராத்திரியிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றி ஓட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கினிகத்தேன இறக்கம் நித்திரைக் கண்ணோடு ஓடுகிற ரோடு அல்ல. காலை வரை தூங்க விடுங்கள். ஆறு, ஏழுக்கு எடுத்தால் பகல் பன்னிரண்டுக்குள் அங்கே நிற்பார். நீங்களும் அதற்கு முன்னால் இறங்கிவிடப் போவதில்லை. டிரைவருக்கு நல்லதண்ணியில் படுக்க இடம் உண்டா என்று அறை பதியும்போதே கேளுங்கள். பல இடங்களில் தருவார்கள். கேட்காவிட்டால் அவர் ஸ்டியரிங்கில் தலை வைத்துத்தான் படுப்பார், பிறகு அவர் கையில்தான் உங்கள் குடும்பம் வரும்.

இரண்டாவது, கணக்கு. போக ஒரு தொகை, காத்திருக்க ஒரு தொகை, மறுபக்கம் வர ஒரு தொகை என்று பிரித்துக் கேளுங்கள். கிலோமீட்டர் கணக்கா, மொத்தமா என்பதையும் கேளுங்கள். வேறு ஊரில் இறக்கிவிட்டால் டிரைவர் வெறும் வண்டியோடு வீடு திரும்ப வேண்டும், அந்த டீசலும் அந்தத் தொகைக்குள் இருக்கும். அதைத் தெரியாமல்தான் நிறையப் பேர் "ஒருவழிக்கு இவ்வளவா" என்று கோபப்படுகிறார்கள். தொகை எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், எரிபொருள் விலை மாறினால் அதுவும் மாறும். தங்கும் இடத்தில் ஒன்று, ஹட்டன் ஸ்டாண்டில் ஒன்று என்று இரண்டு இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, நேரமும் இடமும். "மலைக்கு அந்தப் பக்கம்" என்று சொன்னால் போதாது. இரத்தினபுரிப் பக்கமே இரண்டு இறங்குபாதை இருக்கிறது. ஒன்று பலாபத்தலைக்கு வரும், மற்றது எரத்ன வழியாகக் குருவிட்டைக்குப் போகும். எது என்று ஊர்ப் பெயரோடு எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். காட்டுக்குள் சிக்னலை நம்ப வேண்டாம். இத்தனை மணிக்குள் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் முதலே பேசிவிடுங்கள்.


படியேறி

வளைவுரோடு அண்ணே சொன்ன இரண்டு பாதையும் ஹெரமிட்டிபான என்ற இடத்தில் பிரியும். பலாபத்தலைக்கு என்று கேட்டு இறங்குங்கள்.

இந்தப் பக்கத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். நல்லதண்ணியில் இறங்குகிற மாதிரி இது இல்லை, ஏறத்தாழ இருமடங்கு இறக்கம். பலாபத்தலை அவ்வளவு தாழ்வில் இருக்கிறது. ஏறும்போது மூச்சு வாங்கும், அது நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முழங்கால் வாங்கும் அடி நின்றாலும் சரியாகாது. ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் ஏறிய களைப்போடு என்றால் ஆறு, ஏழும் ஆகலாம். ஆளுக்கு ஒரு கம்பு கட்டாயம். கீழே வர வர வெயிலும் புழுக்கமும் கூடும், உச்சியில் போட்ட ஸ்வெட்டரை முதுகில் சுமந்துகொண்டு வருவீர்கள்.

ஆனால் காடு! நல்லதண்ணிப் பக்கம் கீழே தேயிலை, மேலே கடை. இந்தப் பக்கம் மரம், ஓடை, பழைய அம்பலங்கள் (வழிப்போக்கர் இளைப்பாறும் மண்டபங்கள்), பறவைச் சத்தம். கூட்டமும் குறைவு. எதிரே வருகிறவர்கள் "கருணாவை" என்று வாழ்த்துவார்கள், நீங்களும் அதையே திருப்பிச் சொல்லுங்கள். தமிழ் கேட்பது குறையும், சிங்களம்தான். பையனுக்குப் பதினாறு என்றால் நன்றாகவே இறங்குவான். உங்கள் மனைவியின் முழங்கால் எப்படி என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.


யாழ்வழிப்போக்கன்

ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதும், வண்டி வாகனத்தை முன்கூட்டிப் பேசி வைப்பதும் இந்த மலைக்குப் புதிது இல்லை. 1344-இல் இங்கே வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா இரண்டையும் செய்திருக்கிறார்.

அவர் புத்தளத்தில் கரையிறங்கிச் சந்தித்தது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியை. என்ன வேண்டும் என்று அரசன் கேட்டதற்கு, ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்றார். அரசன் பல்லக்கும் அதைத் தூக்க ஆட்களும் கொடுத்து, ஆண்டுதோறும் இந்த மலைக்குப் போய்ப் பழகிய நான்கு யோகிகள், மூன்று பிராமணர், தன் ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையே கூட அனுப்பினான். இவ்வளவும் அவரே எழுதி வைத்தது.

மலைக்கு இரண்டு பாதை என்றும் எழுதுகிறார். பாவா பாதை, மாமா பாதை, அதாவது ஆதத்தின் பாதை, ஏவாளின் பாதை. பாவா பாதை கடினம், சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். மாமா பாதை சுலபம், யாத்திரிகர்கள் திரும்பி வருவது அந்த வழியாக. போகும்போதே சுலபமான பாதையில் போனவரை யாத்திரை செய்தவராகவே கணக்கில் எடுக்க மாட்டார்களாம். இன்றைக்கு அப்படி யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, சுலபமான வழியில் நிம்மதியாக ஏறுங்கள்.

சைவருக்குச் சிவன் பாதம், பௌத்தருக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. இரவில் அந்தப் படியில் எல்லாரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். நான் இந்த மலையை நேசிப்பதற்கு அது ஒன்றே போதும்.


மேகமூட்டம்

கொள்ளிடக்கரை, நாள் குறிக்கும்போது இலங்கை போயா நாள்காட்டியைப் பாருங்கள். பிப்ரவரி நடு என்கிறீர்கள், நவம் போயா எந்தத் தேதி என்று பார்த்து அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் தள்ளி வையுங்கள். பிப்ரவரி 4 அவர்கள் சுதந்திர தினம், அதை ஒட்டியும் விடுமுறைக் கூட்டம் இருக்கும்.


கொள்ளிடக்கரை

போய் வந்துவிட்டோம். அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஹட்டனில் ஒரு ஹயர் வேன் பேசினோம். வளைவுரோடு அண்ணன் சொன்னபடி தொகையைப் பிரித்துக் கேட்டு, டிரைவருக்குத் தங்கும் வீட்டிலேயே ஓர் அறை வாங்கினோம். புதன்கிழமை அதிகாலை இரண்டே காலுக்குக் கிளம்பினோம். படியில் நெரிசல் இல்லை. வழி கேட்க வேண்டிய அவசியம் ஓரிடத்தில்கூட வரவில்லை.

முதல் தடவை ஏறுகிற சிலர் வெள்ளை நூல்கண்டைக் கையில் வைத்துக் கைப்பிடிக் கம்பி நெடுக விரித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு வயதான அம்மா நூல் அறுந்த இடத்தில் நின்று, விளக்குக்குக் கீழே இரண்டு முனையையும் நாக்கில் ஈரப்படுத்தி முடிச்சுப் போட முயன்றார். குளிரில் விரல் வளையவில்லை. எங்கள் பையன் போய் முடிந்து கொடுத்தான். அந்த அம்மா அவன் தலையில் கைவைத்துச் சிங்களத்தில் என்னவோ சொன்னார். அப்புறம் உச்சி வரை அவர்களோடேயே ஏறினான், அவர்கள் நூல்கண்டும் அவன் கையில்தான் இருந்தது.

மேலே மணி ஒன்று தொங்குகிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டுமாம். நாங்கள் ஆளுக்கு ஒரு முறை அடித்தோம். நிழலைப் பார்த்தோம், படியேறி சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. மேற்குச் சுவரில் எங்களோடு பத்துப் பேர்கூட இல்லை.

இறங்கும்போது பிரிந்துகொண்டோம். மனைவிக்கு முழங்காலில் முன்பே தொந்தரவு உண்டு, அதனால் அவர் நல்லதண்ணிக்கே இறங்கி, அங்கே குளித்துச் சாப்பிட்டு, பைகளோடு வேனில் சுற்றி வந்தார். டிரைவரையும் அவசரப்படுத்த வேண்டியிருக்கவில்லை. நானும் பையனும் பலாபத்தலைக்கு இறங்கினோம். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கம்பு இல்லாமல் முடிந்திருக்காது. வழியில் கடை உண்டு என்றாலும் நல்லதண்ணிப் பக்கம் மாதிரி வரிசையாக இல்லை, தண்ணீரை நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம், குடுவை கொண்டுபோங்கள். பாதை ஓரத்தில் கிடந்த குப்பையைப் பார்க்க வயிறு எரிந்தது.

இப்படிக் குடும்பத்தில் ஒருவர் வேனோடு சுற்றி வருவது நல்ல ஏற்பாடு என்று எனக்குப் படுகிறது. ஏறும்போது எல்லாரும் சேர்ந்து ஏறலாம், உதயத்தைச் சேர்ந்து பார்க்கலாம். இறங்கும் வழியை மட்டும் அவரவர் முழங்கால் முடிவு செய்யட்டும்.


பொருநைமகள் (நெல்லை)

இழையை முழுக்கப் படித்தேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரை உண்டு, நடப்பார். ஏப்ரல் முதல் வாரம் கூட்டிப்போகலாமா? இரவில் அத்தனை படியையும் ஒரே மூச்சாக ஏற முடியுமா என்று யோசனை.


ஹட்டன்வாசி

ஒரே மூச்சாக ஏறச் சொல்லாதீர்கள் மகள். எங்கள் தோட்டத்தில் வயசாளிகள் ஏறுகிற முறையைச் சொல்கிறேன். வெயில் தாழ்ந்த பிறகு, பின்னேரம் மூன்றரை, நான்கு மணிக்கு நல்லதண்ணியில் தொடங்குவார்கள். கடைக்குக் கடை உட்கார்ந்து, பிளேன்டீயும் பணிசும் சாப்பிட்டு, மெல்ல மெல்ல ஏறி, ராத்திரி மேலே உள்ள மடத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டு, விடியப்புறம் மிச்சமிருக்கிற படிகளை ஏறுவார்கள். மடத்தில் போர்வை கிடைக்கும் என்று நம்பாதீர்கள், ஒரு கம்பளி கொண்டுவாருங்கள். ஏப்ரலில் பின்னேர மழை இருக்கும், மழைக்கோட்டும் எடுங்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் மாத்திரையும் சாப்பாடும் நேரத்துக்கு நடக்க வேண்டும், அவற்றை அம்மாவின் பையில் இல்லாமல் உங்கள் பையில் வையுங்கள். உச்சியில் வெறுங்காலோடு நிற்க வேண்டியிருப்பதால் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காலுறையோடு கூட்டிப்போங்கள். போகுமுன் அவர் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் போயா விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்த நாளை விடுங்கள், மடத்தில் காலை நீட்ட இடம் கிடைக்காது. பதின்மூன்றாம், பதினான்காம் தேதி புத்தாண்டுக் கூட்டம் தொடங்குவதற்குள் திரும்பிவிடுங்கள். இறங்குவது நல்லதண்ணிக்கே இருக்கட்டும், இரத்தினபுரிப் பக்கம் வேண்டாம். வேனை அன்று காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் போதும். பாதி வழியில் முடியாமல் போனால் சீத கங்குல வரை போனாலே யாத்திரைதான், அம்மாவிடம் அதை முதலே சொல்லி வையுங்கள்.


வளைவுரோடு (நோர்வூட்)

அம்மாவுக்கு முன் சீட் கொடுங்கள், வளைவில் தலைசுற்றாது. ஹட்டனிலிருந்து வேன் வேண்டுமென்றால் தேதியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நான் அன்று ஓட்டத்தில் இருந்தால் எங்கள் ஸ்டாண்டில் நிதானமாக ஓட்டுகிற வேறொருவரைச் சொல்கிறேன்.